சண்டை நடக்காத கோட்டை

அந்த நாட்களில் நான் இல்ஃபோர்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு படக்கடையில் வேலை செய்தேன். பிலிம் ரோலைக் கொடுத்தால் ஒரு மணித்தியாலத்தில் கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் கடை. பத்து வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. மெஷினுக்குப் பின்னால் நின்று ஊரார் வீட்டுப் பிறந்தநாளையும் கலியாணத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்துக் குட்மேய்ஸில் யார் வீட்டில் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு நடந்தது, யார் புதுக் கார் வாங்கினார்கள் என்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியவரும். நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, என் கணவரைத் தவிர.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை காலையில் ஒரு ஜப்பானியர் வருவார். ஐம்பதை நெருங்கும் வயது. மழை இல்லாத நாளிலும் கையில் குடை இருக்கும். ரோலை இரண்டு கைகளாலும் நீட்டுவார். முதல்முறை அவருடைய படங்கள் மெஷினில் இருந்து ஒவ்வொன்றாக விழுந்தபோது கமராவில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். முப்பத்தாறு படமும் புல். மேடான புல், பள்ளமான புல், தூரத்தில் ஒரு வேலி. ஒரு படத்தில் மட்டும் ஒரு செம்மறியாடு நின்றது, அதுவும் பாதிதான்.

அவர் திரும்பி வந்ததும், எல்லாப் படத்தையும் எடுக்கப்போகிறீர்களா, சரியாக வராததை விட்டுவிடலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கவரைத் திறந்து பார்த்தார். எல்லாம் நன்றாகவே வந்திருக்கின்றன என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேனையைத் திறக்காமலே அதன் முனையால் ஒரு படத்தின்மேல் கோடு போட்டுக் காட்டினார். இது அகழி. இது மண்சுவர். இந்த இடத்தில் மரக்கதவு இருந்திருக்கும். எண்ணூறு தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்திய கோட்டை இது என்றார். எனக்குப் புல்தான் தெரிந்தது.

அடுத்தடுத்த ரோல்களில்தான் எனக்குக் கண் திறந்தது. மாலை வெயிலில் எடுத்த ஒரு படம். பள்ளத்தின் ஒரு பக்கம் கறுப்பாக நிழல் விழுந்து, தரையில் யாரோ பெரிய விரலால் வட்டம் போட்டதுபோல் இருந்தது. மெஷின் தன்பாட்டில் அதை வெளிச்சமாக்கப் பார்த்தது. நான் நிறுத்தி, ஒரு படி கறுப்பாகப் பிரிண்ட் போட்டேன். அகழி எழும்பி நின்றது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வேறு கடைகளில் எல்லாவற்றையும் பகல் பன்னிரண்டு மணி ஆக்கிவிடுகிறார்கள் என்றார். அன்றிலிருந்து அவருடைய படங்களை நான் வேறு யாரையும் தொட விடவில்லை.

கவுண்டரில் நின்றபடி துண்டு துண்டாகக் கதைத்துத்தான் அவரைப்பற்றி அறிந்தேன். ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பனி அவரை நாலு வருடத்துக்கு லண்டனுக்கு அனுப்பியிருந்தது. லண்டன் நடுவில் அவருடைய கந்தோர் இருந்த லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு நேரே ரெயின் போகும் என்பதால் இல்ஃபோர்ட்டில் வீடு எடுத்திருந்தார். சொந்த ஊர் மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன டவுன். அந்த ஊர் மலை உச்சியிலும் ஒரு பழைய கோட்டை உண்டு, சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் நிற்பேன் என்று சொன்னார். அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் சனி ஞாயிறுகளில் புல்மேடுகளைத் தேடிப் போகிறாராம்.

அவரும் மனைவியும் ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு, எனக்கும் அப்போது பெரிதாக இல்லை. அந்த அம்மா தேங்காய்ச் சம்பல் கிண்ணத்தைக் காட்டி இரண்டாம் முறையும் கேட்டபோது நாங்கள் சிநேகிதிகளாகிவிட்டோம். நாலு வருடம் முடிந்து போகும்போது, கட்டாயம் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று இருவரும் சொன்னார்கள். எல்லோரும் சொல்வதுதானே, நானும் தலையாட்டினேன்.

அடுத்த வருடம் சிட்னியில் என் கணவரின் ஒன்றுவிட்ட அக்காவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. எங்களுடைய பயணங்கள் எல்லாம் அப்படித்தான். கலியாணம், செத்தவீடு, பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை, இவற்றில் ஒன்று இருந்தால்தான் சூட்கேஸ் கீழே இறங்கும். ஒருவரும் கூப்பிடாமல் ஒரு நாட்டைப் பார்க்கவென்று நாங்கள் எங்கும் போனதே இல்லை. ஈஸ்ட் ஹாமில் டிக்கெட் போடுபவர், ஒசாகா வழியாகப் போனால் நடுவில் நாலு நாள் நின்று போகலாம், டிக்கெட் விலை அதேதான் என்றார். நான் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கதையைத் தொடங்கினேன்.

"ஆரைப் பார்க்க?" என்றார் என் கணவர்.

"கோட்டை பார்க்க."

அவர் பலசரக்கு மொத்தக் கடை ஒன்றின் சாமான் ஏற்றும் வானை ஓட்டுபவர். வேலை செய்யும் இடத்தில் ஒரு வருடம் ஜப்பான் படம் போட்ட கலண்டர் தொங்கியது. அதில் வெள்ளைச் சுவரும் அடுக்கடுக்கான கூரையும் செரிப் பூவுமாக ஒரு பிரமாண்டமான கோட்டை இருந்தது. அவருடைய மனத்தில் அது வந்து நின்றுவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. திருத்தியிருக்கலாம். நான் திருத்தவில்லை. அவர் ஓம் என்றுவிட்டார், பிறகு இல்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. அவரோ சாமான் இறக்கப் போன இடமெல்லாம், ஃபாரஸ்ட் கேட் கடைகள் உட்பட, ஜப்பானுக்குக் கோட்டை பார்க்கப் போறம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒசாகாவிலிருந்து இரண்டு ரெயின் மாறிப் போனோம். கடைசி ரெயினுக்கு ஒரே ஒரு பெட்டி. அந்த ஸ்டேஷனில் இறங்கியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நண்பர் பிளாட்பாரத்திலேயே நின்றார். அன்றும் கையில் குடை.

மறுநாள் காலை மலை ஏறினோம். அப்போதுதான் முதல் சிக்கல் தெரிந்தது. என் கணவர் கலியாணத்துக்கென்று வாங்கிய கூர்மூக்குத் தோல் சப்பாத்தைத்தான் கொண்டுவந்திருந்தார். வேறு இல்லை. நண்பரின் சப்பாத்து அவருடைய காலில் பாதிதான் நுழைந்தது. சரி, கோட்டைக்குப் போகிறோம், படிக்கட்டு இருக்கும்தானே என்றார் என் கணவர். நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மலையடியில் நண்பர் எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன மணியைக் கொடுத்தார். கரடிக்காக என்றார். மனிதர் வருவது தெரிந்தால் அது விலகிப் போய்விடுமாம். என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"கரடியோ? லண்டனில ஒருத்தரும் உதைச் சொல்லேல்லையே."

அதன்பிறகு மலை ஏறி முடியும்வரை அவர் மணியை நிறுத்தவில்லை. பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது பீடப் பணியாளர் அடிப்பதைப்போல, ஒவ்வொரு வளைவிலும் மூன்று தரம் சேர்த்து அடித்தார். நண்பரின் மனைவி முன்னால் நடந்தபடி தோள் குலுங்கச் சிரித்தார்.

பாதை நெடுக நெட்டை நெட்டையான ஊசியிலை மரங்கள். கீழே ஈரமான சருகு. முக்கால் மணித்தியாலம் ஏறியபிறகு மரங்கள் விலகி ஒரு வெட்டைவெளி வந்தது. எங்கள் பங்குக் கோயில் மண்டபம் அளவு இருக்கும். நடுவில் ஒரு மரப்பலகையில் ஜப்பானிய எழுத்து. இருப்பதற்கு ஒரு வாங்கு. வேறு ஒன்றுமில்லை.

என் கணவர் மூச்சு வாங்கியபடி சுற்றிப் பார்த்தார். அடுத்த மலையைப் பார்த்தார். கோட்டை எங்கே என்று நண்பரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நண்பர் சற்றுக் குனிந்து, நீங்கள் அதன்மேல்தான் நிற்கிறீர்கள் என்றார்.

என் கணவர் தன் சப்பாத்தைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"உமக்கு முதலே தெரியுமே?"

"ஓம்."

"எப்பவிலயிருந்து?"

"டிக்கெட் போட முதலே தெரியும்."

அவர் கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போய் வாங்கில் இருந்தார். ஃபாரஸ்ட் கேட்டில் ஆருக்கு என்னத்தைச் சொல்லுறது என்று தனக்குத்தானே சொன்னார். அதைச் சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் நான் தப்பினேன்.

நண்பர் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். மலைமுதுகை ஒரு இடத்தில் குறுக்கே வெட்டிப் பிளந்திருந்தார்கள். எதிரி மலைமுதுகு வழியாக நடந்து வராமல் இருக்க வெட்டிய அகழியாம். தண்ணீர் இல்லாத அகழி. அதற்கும் கீழே சரிவில் பக்கத்துக்குப் பக்கம் வாய்க்கால்போலப் பள்ளங்கள் இறங்கின. ஏறி வருபவர்கள் வலம் இடம் அசைய முடியாமல் ஒவ்வொரு பள்ளத்திலும் வரிசையாக மாட்டிக்கொள்வார்களாம். ஐந்நூறு வருடமாக மழை பெய்தும் பள்ளங்கள் தூர்ந்துபோகவில்லை. கடையில் எத்தனையோ அகழிகளைப் பிரிண்ட் போட்ட எனக்கு ஒன்றுக்குள் நிற்பது அதுதான் முதல்முறை. குளிர்ந்த மண்வாசம் வந்தது.

என் கணவர் கலியாணச் சப்பாத்தோடு உள்ளே இறங்கினார். அவருடைய தலை மறைந்துபோனது. எட்டிப் பார்த்தேன். அவர் அகழிச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குள்ள நிண்டு மண் எறிஞ்சவனுக்கு நாரி முறிஞ்சிருக்கும்" என்றார்.

அந்த இடுப்புவலி அவருக்குத் தெரியும். ஊரில் பொம்பர் வந்து குண்டு போட்ட காலத்தில் அவர் தங்கள் வளவிலும் அயலிலும் சனம் பதுங்க ஏழெட்டுப் பங்கர் வெட்டியவர். எங்கள் வீட்டுப் பங்கரும் அவர் வெட்டியதுதான், அப்போது அவர் எனக்கு யாரோ. மேலே ஏறி வந்ததும் அவர் நண்பரிடம் கேட்டது ஒரே கேள்வி: வெட்டிய மண்ணை எங்கே போட்டார்கள்? நண்பரின் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்வியை இதுவரை தன்னிடம் ஒருவரும் கேட்டதில்லை என்றார். இரண்டு பேரும் சரிவோரமாகப் போய் நின்று, கையால் மண் அள்ளி எறிவதுபோல் காட்டிக் காட்டிக் கதைக்கத் தொடங்கினார்கள். நானும் அந்த அம்மாவும் வாங்கில் இருந்து தோடம்பழம் உரித்தோம்.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் மனத்தில் இருந்ததைக் கேட்டேன். இந்த இடத்தில் எத்தனை பேர் செத்தார்கள்?

நண்பர் கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல் இருந்தது. பிறகு ஒருவரும் சாகவில்லை என்றார். கதையைச் சொன்னார். இந்த ஊர்த் தலைவனும் சனங்களும் பல வருடம் பாடுபட்டு இந்த மலையை வெட்டினார்கள். ஒருநாள் பெரிய படை ஒன்று பள்ளத்தாக்குக்குள் வந்தது. மேலே நின்றவர்கள் படையை எண்ணிப் பார்த்தார்கள். அன்று பின்னேரமே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பின்பாதையால் இறங்கிப் போய்விட்டார்கள். படை ஏறி வந்தபோது கோட்டையில் அடுப்புச் சாம்பல்தான் இருந்தது. தலைவன் பிறகு சரணடைந்து, மலையடியிலேயே வீடு கட்டி, தாத்தாவாகி, நோயில் செத்தானாம். கீழே உள்ள கோயிலில் இருக்கும் ஒரு பழைய கடதாசியில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறதாம்.

பக்கத்து ஊர்க் கோட்டையில் மூன்று மாதம் சண்டை நடந்தது, அங்கே சிலை இருக்கிறது, வருடாவருடம் விழா நடக்கிறது என்றார் நண்பர். சின்ன வயதில் அந்த ஊர்ப் பிள்ளைகள் இவரை ஓட்டமெடுத்த ஊர்க்காரன் என்று பகிடி பண்ணுவார்களாம். கம்பனியில் பெரிய பதவிக்கு வந்த பிறகும் அதைச் சொல்லும்போது அவருடைய காது சிவந்தது.

என் கணவர், நண்பர் பலகையில் காட்டிய அந்தத் தலைவனின் பெயரை விரலால் தொட்டார். கெட்டிக்காரன், மெத்தக் கெட்டிக்காரன் என்று முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.

எனக்கும் ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. நாங்களும் பின்பாதையால் இறங்கி வந்தவர்கள்தான், சட்டி பானையைக்கூடக் கொண்டுவரவில்லை என்று நண்பரிடம் சொன்னேன். அதனால் உங்கள் ஊரும் எங்கள் ஊரும் ஒன்றுதான் என்றேன். இல்ஃபோர்ட்டில் நாலு வருடம் அவரைப் பார்த்திருக்கிறேன். வாய் திறந்து அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், தோடம்பழச் சாறோடு.

மதியத்துக்குச் சற்று முன் பாதையில் சத்தம் கேட்டது. கரடி என்று என் கணவர் மணியை எடுத்தார். வந்தவர்கள் நாலு கிழவர்கள். முதுகில் புல்வெட்டும் மெஷின். ஊரார் சேர்ந்து மாதம் ஒருமுறை கோட்டையைத் துப்புரவாக்குவார்களாம். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று நண்பர் சொன்னதும் நாலு பேரும் வரிசையாக நின்று வணங்கினார்கள். இந்தக் கோட்டையைப் பார்க்க ஒசாகாவிலிருந்துகூட ஆட்கள் வருவது அபூர்வம் என்றார் ஒருவர்.

எல்லோருமாகச் சேர்ந்து சாப்பிட்டோம். அவர்களிடம் சோற்று உருண்டைகள் இருந்தன. நான் சிட்னிக்கென்று கட்டிய பருத்தித்துறை வடைப் பை ஒன்றைத் திறந்தேன். நொறுக்கென்ற சத்தம் கேட்டதும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அவர்களிடமும் அரிசியில் செய்த அப்படியொரு மொறுமொறுப்பான தின்பண்டம் உண்டாம். உறைப்பு பிறகுதான் ஏறியது. மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று எடுத்தார். கலியாண வீட்டுக்கு அரைப் பைதான் போய்ச் சேர்ந்தது.

சாப்பிட்ட பிறகு என் கணவர் வெட்டையின் ஓரத்தில் நடந்து திரிந்தார். திரும்பி வந்து, அங்கே ஒரு கிணறு இருக்கிறது என்று அறிவித்தார். எல்லோரும் போய்ப் பார்த்தோம். வட்டமான ஒரு குழி, இடுப்பளவு ஆழம், உள்ளே பன்னச் செடிகள் செழித்திருந்தன. கிழவர்களில் மூத்தவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அது பெரிய மரம் ஒன்று காற்றில் வேரோடு சாய்ந்த குழியாம். என் கணவர் விடவில்லை. மரம் விழுந்த குழி இவ்வளவு வட்டமாக வராது, நூறு பேர் இருந்த இடத்தில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கச் சொன்னார். நண்பர் மாறி மாறி மொழிபெயர்த்துக் களைத்துப்போனார். இரண்டு கிழவர்கள் என் கணவரின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மற்ற இருவரும் மரத்தின் பக்கம். ஒருவர் குழிக்குள் இறங்கி முழங்கையால் அளந்தார். அரை மணித்தியாலம் போனது. ஒரு முடிவும் வரவில்லை, ஆனால் பிரியும்போது என் கணவரின் முதுகில் நாலு பேரும் தட்டிவிட்டுப் போனார்கள்.

இறங்கும்போது என் கணவரின் வலது சப்பாத்தின் அடித்தோல் வாயைத் திறந்தது. நண்பரின் மனைவி தன் தலைத்துண்டைக் கழற்றி அதைக் கட்டிவிட்டார். மலையடியில் இருந்த ஒரே கடை தோட்டச் சாமான் கடை. அங்கே அவருடைய அளவுக்கு இருந்தது கறுப்பு ரப்பர் சப்பாத்து மட்டும்தான். சிட்னியில் இறங்கிய அன்றே கலியாணம், வேறு வாங்க நேரமில்லாமல் கோட்டும் டையும் போட்டு, அந்தச் சப்பாத்தோடு நின்றார். அல்பத்தைப் பார்த்தால் எல்லாப் படத்திலும் அவர் இரண்டாவது வரிசையில், யாராவது ஒருவரின் சேலைக்குப் பின்னால் நிற்பது தெரியும்.

லண்டனுக்கு வந்து இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்த் திரும்பி உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நண்பர்தான். குழியின் மர்மம் தீர்ந்துவிட்டது என்றார். நாங்கள் போன பிறகும் கிழவர்கள் ஊரில் அதைப்பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டே இருந்தார்களாம். கடைசியில் நகரசபையில் பழைய இடங்களைப் பார்க்கும் பெண் ஒருவர் மலை ஏறிப் பார்த்திருக்கிறார். அவருக்கும் தெரியவில்லை. அன்று மாலை மூத்தவர் தன்னைவிடப் பத்து வயது மூத்த அக்காவிடம் இந்தக் கதையைச் சொல்ல, அந்த அக்கா சிரித்தாராம். மடையா, அது எங்கள் அப்பா விறகு எரித்துக் கரி எடுத்த குழி, நீ தவழ்ந்துகொண்டிருந்தாய் என்றாராம். அறுபது எழுபது வருடம்தான் அதன் வயது. மூத்தவர் இரண்டு நாள் வெளியே வரவில்லையாம்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் சேட்டுப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு யோசித்தார்.

"அப்ப கரி சுட்டவர் தண்ணிக்கு எங்க போனவராம்? பக்கத்தில கிணறு இல்லாமல் ஆர் மலையில நெருப்பு மூட்டுவினம்? கேளும்."

கேட்டேன். நண்பர் மிகவும் யோசனையாக, அதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை, அடுத்த மாதம் புல்வெட்டப் போகும்போது கிழவர்களிடம் சொல்கிறேன் என்றார். போனை வைத்ததும் என் கணவர் மிச்சப் பொத்தானைக் கழற்றிவிட்டு, சமையலறைக்குப் போய், விசிலடித்தபடி மீன் வெட்டத் தொடங்கினார்.